பணிவா, பாவனையா?

(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



சங்கச் செயலாளர் எம்மிடம் வந்து, "இம்மாதக் கூட்டத்தில் நீங்கள் அரைமணி நேரம் பேச வேண்டும்" என்று பணித்தபோது யாம் திகைத்துப் போனோம். பேச்சு எமது தொழிலன்று. ரயில்வே அலுவலகத்தில் அமர்ந்து சம்பளப் பட்டியல் எழுதுவதே எமது தொழில். பத்தாம் வகுப்புத் தேறியதோடு எமது கல்வியும் நின்றுவிட்டது. ஆயினும், "எதைப் பற்றி வேண்டுமானாலும் பேசலாம்" என்று அவர் சொன்னாரே, அந்தச் சொல்தான் எம்மை இங்கே கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறது. ஏறத்தாழ ஓராண்டாக எம் நெஞ்சில் ஒன்று கிடந்து உறுத்துகிறது. அதனை நான்கு பேர் முன்னிலையில் சொல்லிவிடுவதற்கு இதைவிட நல்ல தருணம் வாய்க்காது.

சென்ற ஆண்டு விழாவில், இதே இன்ஸ்டிட்யூட் மண்டபத்தில், நம் சங்கம் பாட்டுப் போட்டி நடத்தியது நினைவிருக்கும். அதில் நம் காலனிப் பெண் ஒருத்தி முதற்பரிசு பெற்றாள். பெயர் கூறப் போவதில்லை. இங்குள்ள யாவரும் அறிவீர்கள். அன்று அவள் பாடிய காம்போதி, வெளியே சைக்கிளை நிறுத்திவிட்டு நின்ற வங்காள அன்பர்களையும் உள்ளே இழுத்து வந்து அமர்த்தியது. பரிசு வாங்கியபின் ஒலிபெருக்கி முன் கைகூப்பி நின்று, "எனக்கு ஒன்றும் தெரியாது. எல்லாம் டீச்சரின் ஆசி. என்னைவிட மற்றவர்கள் நன்றாகப் பாடினார்கள்" என்றாள். பிறகு, இரண்டாம் பரிசு பெற்ற மூத்த பெண்ணின் காலைத் தொட்டு வணங்கினாள்.

விழா முடிந்ததும் சிலர் வாயிலில் இருந்த தேநீர்க் கடையருகே கூடி நின்றோம். ஒருவர், "குழந்தை டெலிவிஷன் பார்த்துக் கற்றுக்கொண்டிருக்கிறது, பாட்டைவிட நடிப்பு நன்றாக வருகிறது" என்றார். எல்லோரும் சிரித்தனர். யாமும் சிரித்தோம். சிரித்ததோடு நில்லாமல், "அடுத்த ஆண்டு கண்ணீரும் வரும், பாருங்கள்" என்று ஒரு சொல்லைச் சேர்த்தோம். அந்தச் சொல் எம்முடையது. அதனை வேறொருவர் தலையில் கட்ட யாம் விரும்பவில்லை. எமக்குப் பின்னால் இரண்டடி தொலைவில், மண் குவளையில் தேநீரை வைத்துக்கொண்டு அந்தக் குழந்தையின் தந்தையார் நின்றதைத் திரும்பிய பிறகே கண்டோம். அவர் ஒன்றும் பேசவில்லை. குவளையைப் போட்டுவிட்டு நடந்தார். தேநீர் பாதிக்கு மேல் இருந்தது.

இவ்வாண்டுப் போட்டிக்குப் பெயர் பதியும் ஏடு எம்மிடமே இருக்கிறது. அந்தப் பெயர் இதுவரை வரவில்லை. கேட்டறியச் சென்றோம். தாயார் நன்கு உபசரித்தார், காப்பி கொடுத்தார், "பாடம் அதிகமாகிவிட்டது, அண்ணா" என்றார். எம் முகத்தைப் பாராமல் சொன்னார்.

ஆகையால், திறமை மிக்க ஒருவர் போட்டி மேடையில் காட்டும் பணிவு மெய்யா, பாவனையா என்ற கேள்வியை, எம்மால் இயன்றவரை ஆராய்ந்து பார்த்தோம். வேடிக்கைக்காக எடுத்த ஆராய்ச்சியன்று இது.

மேடைப் பணிவுக்குத் தமிழ் மரபில் அவையடக்கம் என்றே ஒரு பெயர் உண்டு. பாற்கடலை அடைந்த பூனையொன்று அதனை முழுவதும் நக்கிக் குடித்துவிடப் புகுந்தாற்போலத் தாம் இராம காதையைச் சொல்லத் துணிந்ததாகக் கம்பர் தமது நூலின் தொடக்கத்தில் கூறுகிறார். வடமொழியில் காளிதாசனும் ரகுவம்சத்தைத் தொடங்கும்போது, சிறு தெப்பத்தைக் கொண்டு பெருங்கடலைக் கடக்க முற்படுபவனாகத் தன்னைச் சொல்லிக்கொண்டான். கம்பர் மெய்யாகவே தம்மைப் பூனை என்று எண்ணினாரா என்று எந்தப் புலவரும் வழக்காடியதாக யாம் கேட்டதில்லை. அது அவைக்குச் செலுத்தும் மரியாதை. கோயிலுக்குள் நுழையுமுன் காலணியைக் கழற்றுவது போன்றது. கழற்றியவன் பக்தனா என்பது வேறு கேள்வி. ஆனால் கழற்றியதற்காக அவனை எவரும் நடிகன் என்பதில்லை. கம்பருக்கு நாம் தரும் இந்தச் சலுகையை நம் காலனிக் குழந்தைக்கு ஏன் தரவில்லை?

தராததற்கும் ஒரு காரணம் உண்டு. அதையும் நியாயமாகச் சொல்ல வேண்டும் அன்றோ? நம் இளமையில் பாட்டுப் போட்டி என்றால் மூன்று நடுவர்கள் அமர்ந்து மதிப்பெண் இடுவார்கள். தாளத்துக்கு இவ்வளவு, சுருதிக்கு இவ்வளவு என்று கணக்கு. பிறகு டெலிவிஷன் வந்தது. 1995-இல் ஸீ டிவியில் 'ச ரி க ம' தொடங்கியது. 2004-இல் 'இந்தியன் ஐடல்' வந்தது. இங்கிலாந்தில் 2001-இல் நடந்த 'பாப் ஐடல்' என்பதன் வழிவந்தது அது. தமிழில் விஜய் டிவியின் 'சூப்பர் சிங்கர்' 2006-இல் தொடங்கியது. 'ஐடல்' வகைப் போட்டிகளில் வீட்டில் அமர்ந்து பார்ப்பவரும் தொலைபேசியிலும் குறுஞ்செய்தியிலும் வாக்கு அளிக்கலாயினர். வாக்கு அளிப்பவர் சுருதிக்கு மட்டும் அளிப்பதில்லை. பாடுகிறவனுடைய முகத்துக்கும், அவன் தாயாரின் கண்ணீருக்கும், அவன் குனிந்து வணங்கும் வணக்கத்துக்கும் சேர்த்தே அளிக்கின்றனர். கேமராவும் அந்த இடத்தில் சற்று நேரம் கூடுதலாகவே நிற்கிறது. பாலுக்கு விலை ஏறினால் தண்ணீர் சேரும் என்று ஐயுறுவது இல்லத்தரசியின் குற்றமன்று. பணிவுக்கு வாக்கு விழும் என்று ஆனபின் அதனையும் சற்றுத் தொட்டுப் பார்க்கத்தான் தோன்றும். ஆனால் பாலைத் தொட்டுப் பார்ப்பதற்கு ஒரு முறை உண்டு. பணிவைத் தொட்டுப் பார்ப்பதற்கு எது முறை?

இந்த வங்க நாட்டு மண்ணிலிருந்தே ஓர் எடுத்துக்காட்டை ஆராய்வோம். முர்ஷிதாபாத் மாவட்டத்தில், பாகீரதியாற்றின் கரையில் ஜியாகஞ்ஜ் என்னும் சிற்றூர் உள்ளது. சியால்தாவிலிருந்து லால்கோலா செல்லும் பாதையில் நம் ரயில் நிற்கும் ஊர்தான். 1987-இல் அவ்வூரில் பிறந்தவர் அரிஜித் சிங். தந்தையார் வழி பஞ்சாபியர்; தாயார் வங்காளியர். ஹஜாரி குடும்பத்து ஆசிரியர்களிடம் சங்கீதமும் தபலாவும் கற்றார். அவர்களுள் ராஜேந்திர பிரசாத் ஹஜாரியின் தூண்டுதலால் 2005-இல், பதினெட்டு வயதில், சோனி டிவியின் 'ஃபேம் குருகுல்' என்னும் போட்டிக்குச் சென்றார். வெல்லவில்லை. காஜி தௌகீர், ரூபரேகா பானர்ஜி என்னும் இருவர் வென்றனர். அரிஜித் இடையிலேயே வெளியேற்றப்பட்டார்.

இதற்குப் பின் நடந்ததுதான் கவனிக்கத்தக்கது. நாடறிய டெலிவிஷனில் தோன்றிய ஓர் இளைஞன், தோற்று ஊர் திரும்பினால் என்ன நேரும்? முதலில் 'வாக்குகளில் சூழ்ச்சி' என்பான். அடுத்து, அண்டை ஊர்த் திருவிழாக்களில் 'டெலிவிஷன் புகழ்' என்று சுவரொட்டி அடித்துக்கொண்டு பாடுவான். அதுவும் பிழைப்புத்தான், யாம் இகழவில்லை. ஆனால் இவர் மும்பையில் தங்கி, ஒலிப்பதிவுக் கூடங்களில் பிறருடைய பாடல்களுக்கு இசைக்கோவை அமைக்கும் உதவியாளராக வேலை செய்தார். பிரீதம், மிதூன், விஷால்–சேகர் முதலிய இசையமைப்பாளர்களிடம் அவ்வேலை. பாடகனாக விளம்பரமானவன் பாடாமல், வேறொருவர் பாடுவதற்கான வாத்திய ஒலிகளைக் கணினியில் அடுக்கிக் கொடுத்துக்கொண்டிருப்பதை எண்ணிப் பாருங்கள். 2011-இல் ஒரு படத்தில் அவர் குரல் வந்தது. 'ஆஷிகி 2' என்னும் படத்தின் 'தும் ஹி ஹோ' பாடல் 2013-இல் வெளிவந்தபோதுதான் நாடு அவரைத் திரும்பிப் பார்த்தது. 2005 முதல் 2013 வரை எட்டு ஆண்டுகள்! அந்த எட்டு ஆண்டுகளின் பெரும்பகுதியில் அவர் பணிவாக இருந்தாரா என்று பார்க்க எந்தக் கேமராவும் இல்லை. எவரும் வாக்கு அளிக்கவும் இல்லை. பிற்பாடு 2016-இல் வந்த '24' என்னும் தமிழ்ப் படத்தில் ரஹ்மான் இசையில் அவர் பாடியதை நம் வீடுகளிலும் கேட்டோம். 2025-இல் பத்மஸ்ரீ விருதும் வந்தது.

இப்போது புகழ் வந்தபின் நடந்ததற்கு வருவோம். 2023 மார்ச் 31 அன்று ஆமதாபாத்தில் ஐ.பி.எல். கிரிக்கெட் தொடக்க விழா. அரிஜித் பாடினார். பிறகு சென்னை அணியின் தலைவர் தோனி மேடைக்கு வந்தபோது குனிந்து அவர் காலைத் தொட்டார். அந்தப் படம் மறுநாள் எல்லாருடைய கைப்பேசியிலும் வந்தது. எமது அலுவலகத்தில் அன்று வேலை நடக்கவில்லை. "ஆகா, என்ன பணிவு!" என்றார் பாதிப்பேர். "இலட்சம் பேர் பார்க்கும் இடத்தில் எவன்தான் குனியமாட்டான்?" என்றார் மீதிப்பேர். தோனியைப் பற்றி நம் ரயில்வேக்காரர்களுக்குத் தனிப் பாத்தியதை உண்டு. 2001 முதல் 2003 வரை இதே தென்கிழக்கு ரயில்வேயில், கரக்பூரில் டி.டி.இ.யாக டிக்கெட் பரிசோதித்தவர் அல்லவா அவர்! ஆகவே வாதம் பிற்பகல் தேநீர் வரை நீண்டது. தீர்ந்தபாடில்லை. தீராது என்பதே எமது கருத்து. ஏனெனில் அந்தக் குனிவில் மெய்யும் இருந்திருக்கலாம், மேடை வழக்கமும் இருந்திருக்கலாம், இரண்டும் கலந்தும் இருந்திருக்கலாம். புகழ் மழை பொழியும்போது குனிவது கடினமன்று. மழையில் எல்லோரும்தாம் குனிந்து நடக்கிறோம்.

ஆனால் அதே ஆண்டு மே மாதம் ஔரங்காபாத்தில் அவர் பாடிக்கொண்டிருந்தபோது, ரசிகை ஒருத்தி ஆர்வ மிகுதியால் அவர் கையைப் பற்றி இழுத்துவிட்டாள். கையில் அடிபட்டது. அந்த நிலையில் அவர் மேடையிலேயே அவளிடம், தம் கை நடுங்குவதையும், அவள் செய்தது தவறு என்பதையும் குரல் உயர்த்தாமல் எடுத்துச் சொன்னார். வலி திடீரென்று வருவது. அதற்கு எவரும் ஒத்திகை பார்த்துவிட்டு வருவதில்லை. ஆமதாபாத்தைவிட ஔரங்காபாத் எமக்குப் பெரிதாகப் படுகிறது.

மற்றொரு பக்கமும் உண்டு. அதனை மறைத்தால் யாம் நேர்மையாளர் அல்லேம். 2014-இல் ஒரு விருது விழாவில், தொகுத்து வழங்கிய நடிகர் சல்மான் கான், "தூங்கிவிட்டீரா?" என்று கேட்க, "நீங்கள்தாம் தூங்க வைத்துவிட்டீர்கள்" என்னும் பொருள்பட அரிஜித் விடையிறுத்தார். அது மனத்தாங்கலாக வளர்ந்தது. 2016 மே மாதத்தில் அரிஜித் எல்லோரும் காணும்படி ஃபேஸ்புக்கில் ஒரு மன்னிப்புக் கடிதம் எழுதினார். 'சுல்தான்' படத்தில் தாம் பாடிய பாடலை நீக்கிவிட வேண்டாம் என்றும் அதில் வேண்டியிருந்தார். பிறகு அதை நீக்கினார். படத்தில் ராஹத் ஃபதே அலி கான் குரல்தான் வந்தது. 2023-இல் 'டைகர் 3' படத்தில் மீண்டும் சல்மானுக்காகப் பாடினார் என்பது பின்கதை.

அந்தக் கடிதம் பணிவா? எமக்குத் தோன்றுவது, அது பாதி பணிவு, பாதி பயம். பயத்தை இழிவாகச் சொல்லவில்லை. விடுப்பு விண்ணப்பத்தின் அடியில் 'தங்கள் பணிவுள்ள' என்று எழுதிக் கையெழுத்திட்டுவிட்டு, உறையை ஒட்டும்போது மேலதிகாரியை மனத்துக்குள் வைதவர் இந்த மண்டபத்தில் எத்தனை பேர்? கை தூக்க வேண்டாம். யாமே முதலில் தூக்கிவிடுகிறோம். வலியவனிடம் குனிவதற்கும் பணிவுக்கும் இடையில் இருக்கும் கோடு, பார்ப்பவனுக்கு மட்டுமன்று, குனிபவனுக்கே சில வேளை தெரிவதில்லை.

ஆகவே எமது சொந்த வாழ்வில் ஓர் அளவுகோல் அகப்படுமா என்று தேடினோம். அகப்பட்டது, பெருமைப்படத்தக்கதன்று. சில ஆண்டுகளுக்கு முன், மார்ச்சுக் கணக்கு முடிவில், எமது பட்டியல்கள் பிழையின்றி இருந்தன என்று மேலதிகாரி எல்லோர் முன்னிலையிலும் பாராட்டினார். யாம் கைகூப்பி, "ஏதோ இயன்றதைச் செய்தோம், ஐயா. எல்லாம் கூட வேலை செய்பவர்களின் உழைப்பு" என்றோம். வீட்டிலும் எம் மனைவியாரிடம் அதையே சொன்னோம். அச்சமயம் அது மெய்யென்றே நம்பினோம். ஆறு வாரத்துக்குப்பின் தணிக்கையிலிருந்து ஒரு காகிதம் வந்தது. வீட்டு வாடகைப்படிக் கணக்கில் பதினேழு பேருக்குப் பிழை. பிழை எமது கையெழுத்தில்தான் இருந்தது. அதனைச் சுட்டியவன் நேற்று வேலைக்குச் சேர்ந்த ஓர் இளைஞன். மூன்று நாள் யாம் அவனோடு பேசவில்லை. 'அவனுக்கு என்ன தெரியும்?' என்று பக்கத்து மேசைக்காரரிடம் சொன்னோம். 'எல்லாம் கூட வேலை செய்பவர்களின் உழைப்பு' என்ற வாய் அதே வாய்தான். அன்றைக்கு விளங்கியது, பாராட்டுக்கு முன்னால் எமக்கு வருவது பழக்கம் என்று. குற்றம் சுட்டப்பட்டபோது எம் முகம் போன போக்கில்தான் எமது சரக்கு வெளிப்பட்டது.

இந்த அளவுகோலை எடுத்துக்கொண்டு அந்தக் குழந்தையிடம் வருவோம். எமது குவார்ட்டர்ஸும் அவர்கள் குவார்ட்டர்ஸும் ஒரே வரிசை. நடுவில் ஒரு சுவர். சென்ற ஆண்டு போட்டிக்கு முன், நாள்தோறும் காலை ஆறு மணிக்கு அந்தச் சுவர் பாடும். யாம் முகச்சவரம் செய்துகொள்ளும் நேரம். சங்கீத ஞானம் எமக்குக் கேள்வி ஞானம்தான். ஆயினும் காம்போதியில் ஓரிடத்தில் மட்டும், வழக்கமாக வரும் நிஷாதத்தை விட்டு வேறொரு நிஷாதம் ஏறி வந்து அழகு செய்யும் என்பதை அறிவோம். தாய் ராகமாகிய ஹரிகாம்போதியில் அது கிடையாது. அந்த நிஷாதம் குழந்தைக்குச் சற்று இறங்கி நின்றது. பாட்டு டீச்சர், "இல்லை" என்பார். மறுபடி. "இல்லை." மறுபடி. சமாதானம் ஒன்றும் சொல்லமாட்டாள், சலிப்பும் கேட்காது. ஒருநாள் இருபத்துமூன்று தடவை எண்ணினோம். கணக்கெழுதுகிறவனுக்கு எண்ணாமல் இருக்க முடிவதில்லை. உண்மையைச் சொன்னால், அன்று எமக்கு எரிச்சல்தான் வந்தது.

போட்டியன்று அந்த நிஷாதம் மேடையில் மீண்டும் ஒரு மயிரிழை இறங்கியது. நடுவர்கள் கவனித்தார்களோ இல்லையோ, எமது காது அறிந்தது. முதற்பரிசும் வந்தது. "எனக்கு ஒன்றும் தெரியாது" என்று அவள் சொன்னதும், தேநீர்க் கடையில் யாம் சிரித்ததும் அன்று மாலைதான். மறுநாள் காலை ஆறு மணிக்குச் சவரக் கத்தியைக் கையில் எடுத்தோம். சுவருக்கு அப்பால் அதே நிஷாதம். பரிசுக் கோப்பை வீட்டுக்கு வந்து பன்னிரண்டு மணி நேரம்கூட ஆகவில்லை.

சாட்சியம் எமது சுவரிலேயே இருந்தது. யாம் அதனைப் பாட்டுப் பயிற்சியாகக் கேட்டோமே அன்றி, அவள் மேடையில் சொன்ன சொற்களோடு சேர்த்துப் பார்க்கவில்லை. 'எனக்கு ஒன்றும் தெரியாது' என்பது மிகைதான். அவளுக்கு நிறையத் தெரியும். ஆனால் எது இன்னும் வரவில்லை என்பதும் அவளுக்குத் தெரிந்திருந்தது. மேடையில் நின்று 'நிஷாதம் சரியாக வரவில்லை' என்று விளக்கிக்கொண்டிருக்க முடியுமா? குழந்தைக்குத் தெரிந்த சொல் அதுதான். டெலிவிஷனில் கேட்ட சொல்லாகவே இருக்கட்டுமே. இரவல் சட்டை அணிந்தால் உள்ளே இருக்கும் உடம்பும் இரவலாகிவிடுமா?

அவள் அந்த மூத்த பெண்ணின் காலைத் தொட்டது மெய்யான மரியாதையா என்று கேட்டால், யாம் அறியோம். அது அவளுக்கும் அந்தப் பெண்ணுக்கும் இடையில் உள்ளது. அதனை அறியும் உரிமை எமக்கு உண்டு என்று எண்ணிக்கொண்டதுதான் பிழை.

அந்தக் காலைப் பாட்டு மேலும் ஐந்து நாள் கேட்டது. ஆறாம் நாள் கேட்கவில்லை. உடம்பு சரியில்லை போலும் என்று எண்ணினோம். பிறகு கோடை விடுமுறை. ஊருக்குப் போயிருப்பார்கள் என்று எண்ணினோம். மழைக்காலம் வந்து, பூஜை விடுமுறையும் கழிந்தது. இப்போது காலையில் அந்தப் பக்கம் குக்கர் விசில் மட்டும் கேட்கிறது.

அவளுடைய தந்தையார் இங்கே வந்திருக்கிறார். இரண்டாம் வரிசையில் அமர்ந்திருக்கிறார். ஐயா, அன்று தேநீர்க் கடையில் அந்தச் சொல்லைச் சொன்னதற்காக, தங்களிடமும் குழந்தையிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறோம். கூட்டத்தில் எழுந்து நின்று கேட்கும் இந்த மன்னிப்பு மெய்யா, பாவனையா என்று ஐயுறத் தங்களுக்கு முழு உரிமை உண்டு. யாம் அதைக் குறைவாக எடுத்துக்கொள்ளோம். சபையில் கேட்டதோடு நில்லாமல், நாளை ஞாயிற்றுக்கிழமை காலை வீட்டுக்கும் வருகிறோம். அப்போது மேடையும் இராது, ஒலிபெருக்கியும் இராது.

பெயர் பதிய இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது. ஏட்டைக் கொண்டுவருவோம், ஆனால் பையிலிருந்து எடுக்கமாட்டோம், குழந்தை கேட்டாலன்றி.